உப்புக் காற்றும் வர்ணக் கம்பியும்

தூத்துக்குடிக் கடற்கரையில் வாழும் மக்களுக்குத் தாம் நம்பிப் பிழைக்கும் சாதனங்களை அலங்கரித்துப் பார்ப்பதில் அலாதியான பிரியம் உண்டு. கரையேற்றிய வள்ளத்தின் அணியத்துக்குப் புதுச் சாயம் தீட்டுவதும், பனிமய மாதா திருவிழா நெருங்கும்போது வீட்டு முகப்புகளைப் புதுக்குவதும், ஆயுத பூஜையன்று டாக்ஸியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பதும், உழைக்கும் பொருளுக்கு மனிதன் செலுத்தும் மரியாதையின் பல வடிவங்களே. அந்த மரியாதை வண்டியின் வெளிப்புறத்தோடு நில்லாமல் பானெட்டைத் திறந்துகொண்டு உள்ளேயும் புகுந்தபோது, அதன் கண்ணில் முதலில் பட்டவை பிளக் ஒயர்கள். அம்பாஸடர் காரின் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் தலையிலிருந்து கிளம்பி, வளைந்து சென்று நான்கு ஸ்பார்க் பிளக்குகளின் முடியில் போய் அமரும் அந்தக் கறுப்புக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, சிவப்போ நீலமோ மஞ்சளோ ஆன புதுக் கம்பிகளைப் பூட்டினால், எண்ணெய்ப் பிசுக்கேறி இருண்டு கிடந்த யந்திரம் ஒரு நாழிகைக்குள் வேறொரு தோற்றம் கொண்டுவிடுகிறது.

இந்த அலங்காரத்தை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவோர் உளர். நிறம் மாற்றினால் வேகம் கூடும் என்று நம்புவோரும் உளர். இரு சாராரும் கம்பியின் மேனியைப் பார்த்தார்களேயன்றி அது எதனால் ஆனது என்பதை ஆராயவில்லை. கம்பியின் வர்ணம் அதன் உடம்போடு பிறந்ததாக இருக்குமானால், அது யந்திரத்துக்கு அணியாவதோடு காவலாகவும் அமையும் என்பதும், மேலே பூசப்பட்டதாக இருக்குமானால் அணியாகவும் நிலைக்காமல் உள்ள காவலையும் கெடுத்துவிடும் என்பதுமே இவ்வத்தியாயத்தில் நிலைநாட்டப்பெறும் உண்மை. இதற்குச் சாட்சியம் கூறத் தூத்துக்குடியைவிடத் தகுந்த ஊர் வேறில்லை; ஏனெனில் கம்பியின் பரம சத்துருவாகிய உப்பும், அதன் வர்ணத்துக்கு மூலப்பொருளாகிய மணலும், வர்ணத்தின் தத்துவத்தையே விளக்கிக் காட்டும் முத்தும் இந்த ஒரே கரையில் கூடியிருக்கின்றன.

கம்பி சுமக்கும் சுமை

துறைமுகத்துக்கு நாள்தோறும் வந்து போகும் லாரிகளிலும் மீன்பிடி விசைப்படகுகளிலும் பிளக் ஒயர் என்பதே கிடையாது. அவை டீசலால் ஓடுபவை. சிலிண்டருக்குள் காற்று கடுமையாக அமுக்கப்பட்டுக் கொதிக்கும் உஷ்ணத்தை அடைவதால், அதில் பீய்ச்சப்படும் எண்ணெய் தானாகவே தீப்பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் எஞ்சினோ வெளியிலிருந்து ஒரு தீப்பொறியை எதிர்பார்த்து நிற்பது. கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும், பெட்ரோலில் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடும் வகையைச் சேர்ந்த வள்ளத்து அவுட்போர்டு எஞ்சின்களிலும் அந்தப் பொறியைக் கொண்டுசென்று சேர்ப்பதே பிளக் ஒயரின் கடமை.

அந்தக் கடமை எத்தகையது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். காரின் பாட்டரி கொடுப்பது 12 வோல்ட். பிளக்கின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள அரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த இடைவெளியைத் தாண்டுவதற்கோ பத்தாயிரம் வோல்ட் அளவில் வேண்டும். சாதாரணக் காற்று ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் வரை மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும்; சிலிண்டருக்குள் அதே காற்று பல மடங்கு அமுக்கப்பட்டிருப்பதால் அதன் தடுப்பும் அதற்கேற்ப வளர்ந்துவிடுகிறது. 12 வோல்ட்டை இவ்வளவு உயரத்துக்கு ஏற்றும் வித்தைக்கு அடிப்படை, மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டில் கண்ட மின் தூண்டல் விதி. அந்த வித்தையைச் செய்யும் கருவியாகிய காயிலுக்குள் தடித்த கம்பிச் சுருள் ஒன்றும், அதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றும் இருக்கின்றன. தடித்த சுருளில் ஓடும் மின்சாரம் திடீரென அறுபடும்போது அதிலேயே இருநூறு முந்நூறு வோல்ட் எழுகிறது. மெல்லிய சுருளில் அது நூறு மடங்காகப் பெருகி, இருபதாயிரத்தையும் தாண்டக்கூடிய ஆற்றல் பெறுகிறது. ஜெர்மனியில் ராபர்ட் போஷின் தொழிற்சாலையில் பணியாற்றிய காட்லோப் ஹோனோல்ட் 1902-இல் உயர் அழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கிய நாள்முதல், இந்த உயர் அழுத்தத்தை ஒழுகாமல் கொண்டு செல்லத்தக்க கம்பிக்கும் தேவை பிறந்துவிட்டது.

நம் நாட்டில் பங்களூரில் 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் பிளக்குகளையும், சென்னைப் பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் காயில், டிஸ்ட்ரிபியூட்டர் முதலியவற்றையும் செய்யலாயின. இரண்டாவது நிறுவனத்தின் பெயரில் நிலைத்திருக்கும் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தாமிரபரணிச் சீமையின் அண்டை ஊராகிய திருக்குறுங்குடியில் பிறந்தவர் என்பதை நெல்லைப் பக்கத்து மெக்கானிக்குகள் பெருமையோடு நினைவுகூரலாம்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, விநாடிக்கு நூறு பொறிகள் பிறக்கின்றன. ஒவ்வொரு பொறிக்கும் முன்னால் பத்தாயிரம் வோல்ட் கம்பியின் உறையை உள்ளிருந்து நெருக்கித் தள்ளுகிறது. உப்பளத்துப் பாத்தியில் கட்டிய நீரை வரப்பு தாங்கி நிற்பதுபோல, அந்த உறை மின்சாரத்தைத் தாங்கி நிற்கிறது. வரப்பில் நண்டு துளைத்த சிறு வளை ஒன்று போதும், பாத்தி முழுவதும் வடிந்துவிடும்.

ஆகவே நிறம் மாற்றினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கைக்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. காயிலின் அழுத்தம் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்கு வேண்டிய அளவுவரை மட்டுமே ஏறும். பொறி தாண்டிய மறுகணம் இறங்கிவிடும். கம்பி அதற்கு எதையும் கூட்டித் தர இயலாது. வழியில் இழக்காமல் கொண்டு சேர்ப்பது ஒன்றே அதனால் ஆவது. ஏழு மில்லிமீட்டர்க் கம்பிக்குப் பதிலாக எட்டு மில்லிமீட்டர்க் கம்பி போட்டாலும், கறுப்புக்குப் பதிலாகச் சிவப்புப் போட்டாலும், நல்ல நிலையிலுள்ள எஞ்சினின் குதிரைத் திறனில் யாதொரு மாற்றமும் நேராது.

கறுப்பு உறையின் சரித்திரம்

பழைய கம்பிகள் ஏன் கறுப்பாக இருந்தன? ரப்பர் மரத்தின் பால் இயல்பில் வெண்மையானது. அதைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் உறுதிப்படும் என்பதை அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். பின்னர் நுண்ணிய கரிப்பொடியைக் கலந்தால் அந்த ரப்பர் தேய்மானத்தையும் வெயிலையும் பன்மடங்கு தாங்கும் என்பது தெளிவாயிற்று. டயர் கறுத்ததும் கம்பி கறுத்ததும் இந்தக் கரியால்தான். கறுப்பு அங்கே அலங்காரமாக வந்ததன்று. வலிமைக்காகச் சேர்த்த பொருள் தன் நிறத்தையும் உடன் கொண்டுவந்தது.

ஆனால் இயற்கை ரப்பருக்கு ஒரு ஜன்ம விரோதி உண்டு. உயர் அழுத்தக் கம்பியைச் சுற்றியுள்ள காற்று மின் நெருக்கடியால் சிதைந்து ஓசோன் என்ற வாயுவாகிறது. 1840-ஆம் ஆண்டையொட்டி ஷோன்பைன் என்ற விஞ்ஞானி, மின் பொறியின் அருகே எழும் விசித்திர வாசனையைத் தொடர்ந்து சென்று இதனைக் கண்டறிந்தார். ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இடையிடையே இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. ஓசோன் அவற்றைத் தேடிச் சென்று அறுக்கும் சுபாவமுடையது. இழுபட்டு நிற்கும் ரப்பரையே அது முதலில் தாக்குவதால், கம்பி எங்கே வளைகிறதோ அங்கே, வளைவின் முதுகில், குறுக்குவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. பழைய கறுப்புக் கம்பி ஒன்றைக் கழற்றி, இரு விரல்களுக்கிடையே மெல்ல வளைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தால் இந்த வெடிப்புகளை எவரும் காணலாம். வளைக்காமல் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கறுப்பில் கறுப்பு மறைந்துகிடக்கும்.

உப்பு செய்யும் சூழ்ச்சி

வெடிப்பு உள்ள கம்பி கோயமுத்தூரில் சில மாதங்கள் பிழைத்துக் கிடக்கக்கூடும். தூத்துக்குடியிலோ அதற்கு ஆயுள் குறைவு. இந்தியாவில் உப்பு விளைவிப்பதில் குஜராத்துக்கு அடுத்தபடியாக நிற்பது தமிழகம். அந்தத் தமிழக உப்பில் பெரும் பங்கு விளைவது இந்த ஊரைச் சூழ்ந்த உப்பளங்களில். கடலிலிருந்தும் அளங்களிலிருந்தும் எழும் நுண்ணிய உப்புத் துகள்கள் காற்றில் மிதந்து வந்து எல்லாப் பொருள்கள் மீதும் படிகின்றன.

உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. அது நனையும்போதுதான் விபரீதம் விளைகிறது. சாப்பாட்டு உப்பாகிய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டியவுடன் அந்த ஈரத்தைத் தானே இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்போடு கலந்து வரும் மக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவு ஈரமும் தேவையில்லை. 33 சதவீதத்திலேயே அது நீர்த்துவிடுகிறது. அதனால் மழை இல்லாத நாளிலும், அதிகாலையில் கடற்கரை வீதியில் நிற்கும் வண்டியின் கம்பிகள் மீது, கண்ணுக்குப் புலப்படாத உப்புநீர்ப் படலம் ஒன்று போர்த்தியிருக்கும். அந்தப் படலம் மின்சாரத்துக்கு வகுத்துக் கொடுத்த பாதை. உறையில் மயிரிழை வெடிப்பு இருந்தால், சிலிண்டருக்குள் பாய வேண்டிய மின்சாரம் அதன் வழியே கசிந்து படலத்தின் மேல் ஓடி, எஞ்சினின் இரும்பில் இறங்கிவிடும். ‘கரண்ட் லீக்’ என்றும், ‘எஞ்சின் மிஸ் அடிக்கிறது’ என்றும் பட்டறைகளில் சொல்லப்படும் கோளாறு இதுவே. காலையில் இருமிக்கொண்டு கிளம்பாத வண்டி, வெயில் ஏறிய பின் யாதொரு பழுதும் பார்க்காமலே கிளம்பிவிடுவதன் இரகசியமும் இதுவே.

இக்கசிவைப் பிரத்தியட்சமாகக் காணும் முறை ஒன்று உண்டு. இரவில், வெளிச்சம் படாத இடத்தில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, கம்பிகளின் பக்கமாகச் சிறிது நீரைப் பனிபோலத் தெளித்தால், பழுதுபட்ட இடங்களில் நீலப் பொறிகள் சடசடவென்று தெறிக்கும். பழுது பெரிதாக இல்லாத இடத்தில் மங்கிய ஊதா ஒளி ஒன்று கம்பியைத் தழுவி நிற்கும். இதைச் செய்பவர் கையைத் தூரத்தில் வைத்துக்கொள்வது அவசியம்.

இதே உபாதையைப் பேருருவில் காண வேண்டுமானால் துறைமுகத்தை அடுத்துள்ள தூத்துக்குடி அனல் மின் நிலையத்தை நோக்கலாம். 1979-இல் முதல் அலகு இயங்கத் தொடங்கி, ஒவ்வொன்றும் 210 மெகாவாட் ஆற்றலுள்ள ஐந்து அலகுகளாக வளர்ந்த அந்நிலையம் போன்ற கடலோர நிலையங்களிலிருந்து மின்சாரத்தைச் சுமந்து செல்லும் கம்பிகள், கோபுரங்களில் பீங்கான் இன்சுலேட்டர்களிலிருந்து தொங்குகின்றன. அப்பீங்கான்கள் மீதும் உப்புப் படிகிறது. பனி இறங்கும்போது அதன் மேல் பொறி பாய்கிறது. ஆகவே கடலோரங்களில் அவற்றை அவ்வப்போது கழுவ வேண்டியிருக்கிறது. இலட்சக்கணக்கான வோல்ட்டைத் தாங்கும் பீங்கானுக்கும் ஒரு முழ நீளப் பிளக் ஒயருக்கும் உப்பு இழைக்கும் தீங்கு ஒன்றே. ஆதலால் அதற்கு விஞ்ஞானிகள் கண்ட பரிகாரமும் இரண்டுக்கும் ஒன்றாகவே அமைந்தது.

மணலில் பிறந்த ரப்பர்

அந்தப் பரிகாரம் சிலிகோன் ரப்பர். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்துப் பேராசிரியர் பிரெடரிக் கிப்பிங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலிகோன் சேர்மங்களை ஆராய்ந்து வழிவகுத்தார். அமெரிக்காவில் யூஜின் ரோகோ 1940-இல் அவற்றைப் பெருமளவில் செய்யும் முறையைக் கண்டார். சாதாரண ரப்பரின் முதுகெலும்பு கரி அணுக்களால் ஆனது; சிலிகோனின் முதுகெலும்போ சிலிக்கனும் ஆக்ஸிஜனும் மாறி மாறிக் கோத்தது. மணலிலும் இவ்விரண்டுமே பிணைந்திருக்கின்றன. சிலிகோன் செய்யத் தேவையான சிலிக்கனும் படிகக் கல்லாகிய மணற்பொருளிலிருந்தே எடுக்கப்படுகிறது. கரி அணுக்களின் பிணைப்பைக் காட்டிலும் இந்தப் பிணைப்பு வலிது. ஓசோன் தேடி வரும் இரட்டைப் பிணைப்பு இச்சங்கிலியில் இல்லை. ஆகவே 200 பாகை செல்ஷியஸ் உஷ்ணத்திலும் அது இளகாமல் எரியாமல் நிற்கிறது. ஓசோன் அதை வெடிக்கச் செய்வதில்லை.

கடற்கரைவாசிக்கு இவற்றினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. சிலிகோன் மீது நீர் படலமாகப் பரவாது. தாமரை இலைமேல் பட்டதுபோலத் தனித்தனி முத்தாகத் திரண்டு நிற்கும். படலம் தொடர்ச்சியாக இல்லையெனில் மின்சாரத்துக்குப் பாதையும் தொடர்ச்சியாக இல்லை. அதன் மேல் உப்பும் தூசியும் படிந்தால்கூட, ரப்பருக்குள் இருக்கும் மிக நுண்ணிய சிலிகோன் சங்கிலிகள் மெல்ல மேலேறி அந்த அழுக்குப் படலத்தையும் நீர் ஒட்டாததாக ஆக்கிவிடுகின்றன. கடலோர மின் கோபுரங்களில் பீங்கானுக்குப் பதிலாகச் சிலிகோன் இன்சுலேட்டர்கள் இடம்பெறுவதன் காரணமும் இதுவே.

சிலிகோனுக்கு வலிமை ஊட்டக் கரி தேவையில்லை. வெண்மையான சிலிகா மாவு போதும். வலிமைக்காகச் சேர்க்கும் பொருள் கறுப்பாக இருந்தவரை கம்பியும் கறுப்பாகவே இருக்கக் கடமைப்பட்டிருந்தது; அந்தக் கட்டாயம் நீங்கியவுடன் கம்பி எந்த வர்ணத்தையும் ஏற்கும் சுதந்திரம் பெற்றது. பானெட்டைத் திறந்தால் நம் கண்ணைக் கவரும் சிவப்பும் நீலமும் மஞ்சளும், பொருளின் சுபாவம் மாறியதால் கிடைத்த பரிசுகள்.

வர்ணம் பிறக்கும் இடம்

சிலிகோன் உறையில் வர்ணம் ஏற்றுவோர் பெரும்பாலும் மண்ணிலிருந்து எடுத்த தாதுப் பொடிகளையே நாடுகிறார்கள். ஏனெனில் செடி கொடிகளின் சாயம் எஞ்சினின் வெப்பத்தில் வெளிறிப் போகும். திருச்செந்தூர்ப் பக்கத்துக் குதிரைமொழித் தேரியில் காலை வெயிலில் நிற்பவர், மைல் கணக்கில் விரிந்து கிடக்கும் செம்மணலைக் கண்டு வியக்கிறார். அங்கே ஒவ்வொரு மணல் துகளும் படிகக் கல். அதன் மேல் போர்த்திய மெல்லிய இரும்பு ஆக்ஸைடுதான் செம்மை தருகிறது. அதே இரும்பு ஆக்ஸைடே சிவப்புச் சிலிகோன் கம்பிக்கும் நிறம். அது நிறத்தோடு நின்றுவிடாமல், வெப்பத்தால் சிலிகோன் இறுகிப் பொடிந்துபோவதைத் தாமதிக்கவும் செய்கிறது. சிவப்புக் கம்பியின் சிவப்பு, அழகும் மருந்தும் ஒருங்கே ஆன பொருள்.

மஞ்சள் நிறம் தரும் இரும்புச் சேர்மமோ நீரை உள்ளடக்கியது; மிகுந்த சூட்டில் அந்த நீர் வெளியேறிச் சிவந்துவிடும் இயல்புடையது. குயவர் சூளையில் மஞ்சள் மண் செங்கலாவது இந்த மாற்றத்தாலேதான். ஆகவே புகைபோக்கிக் குழாயை ஒட்டிச் செல்லும் இடத்தில் மஞ்சளைவிடச் சிவப்பே நிலையானது. நீலத்துக்கு அல்ட்ராமரீன் பயன்படுகிறது. நம் வீடுகளில் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் சிட்டிகையளவு கலக்கும் நீலப் பொடிதான் அது. 

வெண்மைக்கு இக்கடற்கரை உலகுக்கே ஈந்த கொடை ஒன்று உண்டு. கன்னியாகுமரிக்கு அப்பால் மணவாளக்குறிச்சிக் கரையில் அலை ஒதுக்கும் கருமணலில், 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட் என்ற தாதுவைக் கண்டறிந்தார். அக்கருமணலில் பெரும் பகுதியாக இருப்பது இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் கூடிய கறுப்புத் தாது. அதிலிருந்து இரும்பை நீக்கினால் கிடைக்கும் டைட்டானியம் டையாக்ஸைடு, வெள்ளைப் பொடிகளிலெல்லாம் தலைசிறந்தது. அதன் துகள் ஒவ்வொன்றும் ஒளி அலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி அளவே உடையது. அந்த அளவில் அது தன்மேல் படும் எல்லா நிறத்து ஒளியையும் நாற்புறமும் வலிமையாகச் சிதறடிப்பதால் தூய வெண்மை தோன்றுகிறது. வெளிர் நிறக் கம்பிகள் அனைத்துக்கும் அடியில் நின்று ஒளியூட்டுவது இப்பொடியே.

முத்து தரும் நிரூபணம்

ஒளி அலையின் அளவுக்கு இறங்கிய நுட்பம் முத்திலும் இருக்கிறது. கொற்கைப் பாண்டியர் காலந்தொட்டு இக்கடலில் மூழ்கி எடுக்கப்பட்ட முத்துச்சிப்பிகளின் உட்புறம், சுண்ணாம்புப் பொருளாகிய அராகோனைட்டின் மெல்லிய தகடுகளால் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது. ஒவ்வொரு தகடும் அரை மைக்ரான் அளவில் கனமுடையது; ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குள் ஏறக்குறைய இரண்டாயிரம் அடுக்குகள் அடங்கிவிடும். ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் மீளும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் வானவில்லின் சாயல்களைத் தோற்றுவிக்கின்றன. ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர், சிப்பியின் உட்புறத்தில் கறுப்பு மெழுகை அழுத்தி எடுத்தபோது அந்த வர்ணஜாலம் மெழுகிலும் பதிந்ததைக் கண்டு 1814-இல் வெளியிட்டார். மெழுகில் ஒட்டியது சாயம் அன்று. சிப்பியின் மேற்பரப்பு அமைப்பே அங்கே அச்சாகப் பதிந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி.ராமன் 1935-இல் வர்ணம் காட்டும் சிப்பிகளைக் குறித்தும், 1954-இல் டி.கிருஷ்ணமூர்த்தியுடன் கூடி முத்தின் அமைப்பையும் ஒளியியலையும் குறித்தும் ஆராய்ந்து, அப்பிரகாசத்தை அடுக்குகளின் அமைப்பைக் கொண்டு விளக்கினார்.

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். பிறகு 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே.அழகர்சாமி, தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் சிப்பிக்குள் உருண்டை வைத்து முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டார். அந்த முத்திலும் சிப்பி செய்த காரியம் ஒன்றே: பூசியதன்று, அடுக்கடுக்காக வளர்த்தது. ஆகவேதான் நல்ல முத்தை எவ்வளவு துடைத்தாலும் நிறம் கையோடு வருவதில்லை. கண்ணாடி மணியின் மேல் பூசிய போலி முத்தின் பளபளப்போ வியர்வையிலேயே உரிந்துவிடுகிறது. துடைத்துப் பார்க்கும் இந்தப் பரீட்சையின் தத்துவம் கம்பிக்கும் பொருந்தும். கம்பியின் நுனியைச் சிறிது வெட்டிப் பார்த்தால், வர்ணம் உறையின் கனம் முழுவதிலும் ஊடுருவி இருக்கிறதா, மேல்தோலில் மட்டும் இருக்கிறதா என்பது உடனே விளங்கிவிடும்.

அலங்கரிக்கும் முறை

ஆதலால் பழைய கறுப்புக் கம்பியின் மேல் பெயிண்ட் அடித்து வர்ணம் மாற்றும் எண்ணத்தை அறவே விட்டுவிட வேண்டும். பெயிண்டில் உள்ள கரைப்பான் ரப்பரை ஊதச் செய்யும். காய்ந்த பெயிண்ட் கம்பி வளையும்போது விண்டு, உப்பு தங்குவதற்குப் பொந்துகளைக் கொடுக்கும். இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் வெள்ளி பெயிண்டோ எல்லாவற்றிலும் கொடியது. அதன் மினுமினுப்பு அலுமினியத் துகளால் ஆனது. உயர் அழுத்தத்தின் முன்னிலையில் அத்துகள்கள் ஒன்றுக்கொன்று கைகொடுத்து மின்சாரத்துக்கு வழி திறந்துவிடும். அழகுக்காகப் பின்னல் உலோக உறை மாட்டுவதும் நன்றன்று. கம்பியை ஒட்டி உலோகத்தைக் கொண்டுவந்தால், காயிலின் சக்தியில் ஒரு பங்கு பொறியாகாமல் அந்த உறைக்கும் கம்பிக்கும் இடையிலேயே செலவாகிவிடும்.

உடம்பிலேயே வர்ணமுள்ள சிலிகோன் கம்பிகளை வாங்குவதே நேர்வழி. பழையது செம்புக் கம்பியா, தடையுள்ள கம்பியா என்பதையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு ரேடியோ நிலையம். மார்க்கோனி முதன்முதல் செய்தி அனுப்பியதே பொறியைக் கொண்டுதான். தடையற்ற செம்புக் கம்பி பூட்டிய வண்டியில் இலங்கை வானொலி கேட்க முயன்றவர்களின் காதில், பாட்டோடு எஞ்சினின் கரகரப்பும் சேர்ந்தே விழுந்தது. அதனால்தான் ஓர் அடிக்குச் சில ஆயிரம் ஓம் தடையுள்ள கரி நாரோ, சுருள் கம்பியோ நடுவில் வைத்த கம்பிகள் தோன்றின. புதுக் கம்பியின் தடை, எஞ்சின் செய்தவர்கள் விதித்த எல்லைக்குள் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் அளந்துகொள்வது நல்லது.

கம்பிகளை மொத்தமாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே நீளமுள்ள புதியதை அதே இடத்தில் பூட்ட வேண்டும். அம்பாஸடரில் பொறி விழும் வரிசை 1, 3, 4, 2. இவ்வரிசை பிறழ்ந்தால் எஞ்சின் உதைக்கும். மூன்றாவதும் நான்காவதும் அடுத்தடுத்து நிற்பவை. அடுத்தடுத்துப் பொறி பெறுபவை. அவற்றின் கம்பிகளை நேர்த்தியாகத் தோன்றும் பொருட்டு ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினால், மூன்றாவதில் பாயும் மின்சாரம் பாரடேயின் அதே விதிப்படி நான்காவதிலும் பொறியைத் தூண்டி, அங்கே அப்போதுதான் அமுங்கத் தொடங்கும் வாயுவை அகாலத்தில் கொளுத்திவிடக்கூடும். ஆகவே கம்பிகளுக்கு இடையே இடம்விட்டு கிளிப்பில் பொருத்துவதே உண்மையான ஒழுங்கு. கம்பியின் நுனியிலுள்ள முடியைப் பிளக்கின் மேல் வைத்து அழுத்தும்போது ‘டக்’கென்ற சப்தம் கேட்கும்வரை நிறுத்தலாகாது.

பட்டறைகளில் எதைத் துடைப்பதற்கும் பனியன் வேஸ்ட்டைப் பெட்ரோலில் நனைப்பது வழக்கம். சிலிகோனுக்கு அது விஷம். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பட்டால் அது ஊதித் தளர்ந்துவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைப்பதே போதுமானது. எஞ்சின் ஆறியிருக்கும் வேளையிலேயே இதைச் செய்ய வேண்டும். சிலிகோன் எளிதில் கிழியும் இயல்புடையதாகையால் கம்பியைப் பிடித்து இழுக்காமல் முடியைப் பிடித்தே கழற்ற வேண்டும்.

வர்ணம் என்னும் காவலன்

வர்ணத்தின் உண்மையான பிரயோஜனம் இப்போது தெளிவாகிறது. கசிந்த மின்சாரம் உறையின் மேல் ஓடிய தடத்தில் கரிக்கோடு ஒன்று விழும். கறுப்புக் கம்பியில் அக்கோடு கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. வெளிர் நீலத்திலும் மஞ்சளிலும் சிவப்பிலும் அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. புகைபோக்கியில் உரசிக் கருகிய இடமும், எண்ணெய் ஊறிய இடமும், எலி கடித்த இடமும் அவ்வாறே. தன் எஞ்சினை அழகுபடுத்தியவன் அதை அடிக்கடி திறந்து பார்க்கிறான். திறந்து பார்ப்பவன் பழுதை முன்னதாகக் கண்டுகொள்கிறான். நடுக்கடலில் வள்ளத்தின் எஞ்சின் நின்றுபோவதற்கும் கரையிலேயே பழுது புலப்பட்டுவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு குடும்பத்தின் நிம்மதி என்பதைக் கடலோர மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இன்றைய கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் அமர்ந்துவிட்டதால் நீண்ட பிளக் ஒயர்கள் அருகிவருகின்றன. எஞ்சினே இல்லாத மின்சாரக் கார்களும் வந்துவிட்டன. ஆனால் இந்த அத்தியாயத்தின் தத்துவம் அவற்றோடு மறையவில்லை. முன்னிலும் உறுதியாக நிலைபெற்றிருக்கிறது. மின்சாரக் கார்களில் உயர் அழுத்தம் சுமக்கும் கேபிள்களின் உறை உலகெங்கும் ஆரஞ்சு வர்ணத்தில் செய்யப்படுகிறது. பழுது பார்க்க வருபவரையும் விபத்தில் மீட்க வருபவரையும் எச்சரிக்கும் அந்த வர்ணம் உறையோடு கலந்தே வார்க்கப்படுகிறது. அத்தகைய கார்களைச் செய்யும் வின்பாஸ்ட் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியிலேயே திறக்கப்பட்டது. அலங்கார ஆசையால் பானெட்டுக்குள் புகுந்த வர்ணம் அங்கே பாதுகாப்பு விதியாகவே ஆகிவிட்டது. ஆகவே, இக்கரையின் இளைஞன் ஒருவன் தன் வண்டியின் கறுப்புக் கம்பியைக் கழற்றிவிட்டுச் சிவப்புக் கம்பி பூட்ட ஆசைப்பட்டால், பெரியோர்கள் அவனைத் தடுக்க வேண்டியதில்லை. அந்தச் சிவப்பு எந்தப் பொருளால் ஆனது, எதற்காக அங்கே இருக்கிறது என்று கேட்டு வாங்கும்படி மட்டும் அவனைப் பழக்க வேண்டும்.